இரண்டாவது மிதி

காரின் டிக்கியில் உள்ளங்கையை ஊன்றி நின்றேன்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ரிவர்ஸ் விளக்கு என் தொடைக்கு நேராக எரிந்தது.

"தம்பி, நகரு. வேலைக்கு நேரமாச்சு."

எதிர்வீட்டு டைல்ஸ்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். காலை ஏழே முக்கால். அவர் வாயிலிருந்து வந்த வாடை நான் நின்ற இடம் வரை அடித்தது.

"எறங்கி வீட்டுக்குள்ள போண்ணே."

"ஒரு மடக்கு உள்ள போனாத்தான்டா எனக்குக் கை நடுங்காது. கல்லு கோணலாப் போனா நீ வந்து பேத்து எடுப்பியா?"

அவர் வீட்டு கேட்டிலிருந்து வண்டி ரிவர்ஸில்தான் தெருவுக்கு வரும். நேராக என் வீட்டு மதிலைப் பார்த்து.

அந்த மதிலோரம் ஆறு பிள்ளைகள் பள்ளி வேனுக்காக நின்றார்கள்.

போன வாரம் அதே மதிலில் பேப்பர்காரரின் சைக்கிள் சாய்ந்திருந்தது. இப்போதும் அங்கேதான் கிடக்கிறது, இந்த வண்டி இடித்துப் பின்சக்கரம் மடங்கி. அந்த நேரம் அவர் என் கேட்டில் பேப்பரைச் செருகிக்கொண்டிருந்தார். அதனால் உயிரோடு இருக்கிறார்.

தெருவே வேடிக்கை பார்த்தது. பிறகு, "பாவம், குடும்பஸ்தன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

அந்தப் "பாவம்" என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்த வண்டியின் பிரேக்கை இரண்டு தடவை மிதிக்க வேண்டும். முதல் மிதியில் ஒன்றும் நடக்காது. நிதானத்தில் இருப்பவனே அதை மறந்துவிடுவான்.

பிள்ளைகளைத் தள்ளிப் போகச் சொல்லிக் கத்தினேன். வேடிக்கை பார்க்க இன்னும் கிட்டே வந்தார்கள்.

போனை எடுத்துப் போலீஸை அழைத்தேன்.

டைல்ஸ்காரர் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பண்ணு, பண்ணு. யாரு மாட்டுறான்னு பாத்துடலாம்."

எதிர்முனையில் ஒரு பெண். என் பெயரைக் கேட்டாள்.

"பேரு அப்புறம் சொல்றேன். இங்க ஒருத்தர் குடிச்சிட்டு வண்டியை எடுக்கறார். பசங்க நிக்கறாங்க. வண்டிக்கு இன்ஷூரன்ஸும் கிடையாது."

"அது உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"தெரியும். பதினாலு மாசமா கிடையாது."

வண்டி சட்டென்று ஒரு சாண் பின்னால் வந்தது. பம்பர் என் முழங்காலில் இடித்து நின்றது.

இரண்டாவது மிதி.

வலியில் கண் இருட்டியது. கையை எடுக்கவில்லை. எனக்குப் பின்னால் பிள்ளைகளின் சிரிப்பு நின்றுபோனது.

"வண்டி நம்பர் சொல்லுங்க சார்."

நம்பர் பலகை பாதி உடைந்து தொங்கியது. அதைப் பார்க்காமலே முழு நம்பரையும் சொன்னேன்.

போனில் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஒரு சின்னப் பெண் மதிலோரம் குந்தி உட்கார்ந்து, தலையை நிமிர்த்தாமல் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஓனர் பேரு வருது" என்று சொல்லி, அப்பா பெயரோடு சேர்த்து முழுதாகப் படித்தாள் எதிர்முனைப் பெண்.

வண்டியை டைல்ஸ்காரருக்கு விற்று இரண்டு வருஷம் ஆகிறது. பெயர் மாற்றிக் கையெழுத்துப் போட ஒரே ஒரு பகல் போதும். நான் நைட் ஷிப்ட்காரன், பகலில் தூங்குவேன். டைல்ஸ்காரரும் இரண்டு முறை கேட்டுவிட்டு விட்டுவிட்டார்.

இன்ஷூரன்ஸ் முடிந்துவிட்டது என்ற செய்தி இப்போதும் என் போனுக்குத்தான் வருகிறது. படித்துவிட்டு அழித்துவிடுவேன்.

பிரேக்கும் விற்கும்போதே அப்படித்தான் இருந்தது.

"இந்த ஓனர் யாருன்னு தெரியுமா சார்?"

டைல்ஸ்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்தச் சத்தத்துக்கு மேல் கத்த வேண்டியிருந்தது.

"நான்தான் மேடம். சீக்கிரம் ஆளை அனுப்புங்க."