நைனா பார்த்த டென்னிஸ்

பக்கவாதம் வந்தபின், டாக்டர் ஊசிக்கும் மகளின் அழுகைக்கும் பெரியவர் அறிவின் கழுத்து அசையவில்லை. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில், மகள் எழில்மொழி அவருக்குப் பிடித்த பழைய டென்னிஸ் இறுதியாட்டத்தை டிவியில் போட்டாள். பந்து ஓயாமல் இரு பக்கமும் பறக்கும் நீண்ட ரேலி வந்ததும் அவர் தலை பந்தோடு இடமும் வலமுமாகத் திரும்பியது.

“டாக்டரு கைவுட்டத டென்னிசு புட்சிகிச்சி பாரு, எயிலு!” என்றாள் பக்கத்து வீட்டுப் பூவம்மா.

அப்போது கரண்ட் போனது. அறிவின் தலை மட்டும் நிற்கவில்லை. ஜன்னல் பக்கம் போனது, மகள் பக்கம் வந்தது, மறுபடி ஜன்னலுக்குப் போனது.

“நைனா, ஆட்டம் நின்னுபூட்சி. இன்னாத்த பாத்துகினு கீற?” என்றாள் எழில்மொழி.

ஜன்னலைப் பார்த்தபடி தலை நின்றது. பிறகு, உயரே எழும் பந்தைத் தொடர்வதுபோல், அவர் கண்கள் மெல்லக் கூரைவரை ஏறின. அங்கிருந்து எழில்மொழியின் உச்சந்தலையை நோக்கி, வேகமாக, இறங்கத் தொடங்கின.