மூன்று கிலோ மணி

“இந்த மரச்சட்ட வீடுங்கள்ல எல்லாம் குளிர்காலத்துக்குச் சூடு போதுமா, ஐயா?”

தொப்பி போட்ட அந்தம்மா மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள். ஒரு மணி நேரத்தில் ஆறாவது கேள்வி. ரெனாத்தே நோட்டைத் திறந்தாள்.

“தாராளமா போதும்மா. போன வருஷம்தான் புது அடுப்பு வச்சாங்க,” என்றான் வழிகாட்டி யோவாகிம்.

“சொல்லிக்கொடுத்ததை மட்டும் சொல்லுங்க,” என்று ரெனாத்தே அவன் காதைக் கடித்தாள்.

1978. மேற்கு ஜெர்மனியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு, கிழக்கு ஜெர்மனியில் இருந்த இந்தப் பழைய ஊரைச் சுற்றிப் பார்க்க மூன்று மணி நேர அனுமதி. அவர்களிடம் சொந்தப் பேச்சு பேசினால் வழிகாட்டிக்கு வேலை காலி. அதைக் கண்காணிக்கத்தான் அலுவலகம் ரெனாத்தேயைக் கூடவே அனுப்பியிருந்தது. அவளுடைய நோட்டு ஏற்கெனவே இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது.

தேவாலயத்துக்கு முன்னால் கூட்டம் நின்றது.

“எல்லாம் நானூறு வருஷத்துப் பழசாவே காட்டறீங்களே. ஊர்ல புதுசா எதுவுமே இல்லையா?” அந்தம்மாதான்.

யோவாகிம் தயங்கினான். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தான்.

“இருக்கும்மா. போன மாசம் ஒரு மணி வந்துச்சு. மூணு கிலோ நானூறு கிராம்.”

“கோபுரத்துக்கா? எங்க ஊர்ல மாட்டுக்கே இதைவிடப் பெருசா கட்டுவோம்!” என்றார் ஒரு தொந்திக்காரர்.

“சின்னதுதான் சார். ஆனா விடியக்காலை மூணு மணிக்கு ஆரம்பிச்சா தெருவே எழுந்து உக்காரும்.”

“கணீர்னு... நல்லா இருக்கா?” அந்தம்மா ஓரடி முன்னால் வந்தாள்.

“ஒரு குறையும் இல்லம்மா.”

“பேரு?”

அந்தப் பக்கத்தில் தேவாலய மணிக்கெல்லாம் பேர் வைப்பது வழக்கம்.

“மத்தில்டே.”

“அட, உங்க பேரு!” பக்கத்திலிருந்தவள் அந்தம்மாவின் தோளைத் தட்டினாள். “வந்ததும் வராததுமா உங்களைக் கோபுரத்துல தொங்க விட்டுட்டாங்களே!”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தம்மா மட்டும் கைக்குட்டையைத் தேடினாள். ரெனாத்தே பென்சிலைக் கடித்தாள்.

நாலு மணிக்கு பஸ் உறுமியது. கடைசியாக வந்த அந்தம்மா, யோவாகிமின் கையை முறைப்படி குலுக்கினாள்.

“ரொம்ப நன்றி, ஐயா. நல்லா சுத்திக் காட்டினீங்க.”

படியேறியவள் திரும்பிப் பார்த்தாள்.

“ஐஸ் காத்து அடிக்குது, மஃப்ளரைக் காதோட சுத்திக்கோடா!”

சொன்ன வாயை அவள் பொத்திக்கொள்வதற்குள் கதவு மூடிவிட்டது. பஸ் நகர்ந்தது.

யோவாகிமின் முகம் வெளுத்தது. மேற்கில் சொந்தம் என்று யாரும் இல்லை என எழுதிக் கொடுத்து வாங்கிய வேலை அது.

“வந்து... வயசானவங்க... யாரைப் பார்த்தாலும் புள்ளை மாதிரி...”

ரெனாத்தே மளமளவென்று எழுதி, நோட்டை அவன் முன்னால் நீட்டினாள். ‘அந்த அம்மாள் விசாரித்தது மணியைப் பற்றி மட்டும். சந்தேகப்பட ஒன்றுமில்லை.’

“நான் இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவ, யோவாகிம். அந்தக் கோபுரத்து மணியை எல்லாம் சண்டை சமயத்துலயே பீரங்கிக்கு உருக்கிட்டாங்க. முப்பத்தஞ்சு வருஷமா அது காலி.” நோட்டை மூடிப் பையில் போட்டாள். “இன்னும் நின்னுட்டே இருக்கியே, வீட்டுக்கு ஓடு. மூணு கிலோ நானூறு இந்நேரம் பாலுக்கு அழுதுட்டிருக்கும்!”