ஆட்டுக்குப் போன கீரை

கொல்லையில் கை கால் கழுவிவிட்டுத் திரும்பிய காத்தாயி அப்படியே நின்றுவிட்டாள். அரும்பாவூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த முருங்கைக்கீரையை, மாப்பிள்ளை அய்யம்பெருமாள் அள்ளி அள்ளி ஆட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

“என்னங்க மாப்ளே இது? எம்மவ ரத்தம் செத்துக் கெடக்குறாளேன்னு வாராவாரம் பறிச்சுக்கிட்டு வரேன். உங்க ஆடுல்ல கொழுத்துக் கெடக்கு!”

“அதுக்கும் வவுறு இருக்குல்ல அத்தை?”

“அடியே இருசு, கெளம்புடி. இந்த மனுசன்கூட நீ காலந்தள்ள வேணாம்.”

மகள் இருசம்மாள் புருஷனைப் பார்த்தாள். “இனிமே மறைக்க முடியாதுங்க. சொல்லிடுங்க.”

அய்யம்பெருமாள் தலையைச் சொறிந்தான்.

“போன தையில திருச்சி டாக்டர்கிட்ட காட்டுனோம் அத்தை. இவ நெஞ்சுக்குள்ள வால்வு சுருங்கிப்போச்சாம். ரத்தம் ஓடாம தேங்குதாம். தேங்குனா உறைஞ்சு கட்டியாயிடும். அந்தக் கட்டி மூளைக்குப் போனா கை கால் விழுந்துடும். உறையாம இருக்கத்தான் தெனம் மாத்திரை. கீரையை அள்ளித் தின்னா அந்த மாத்திரை வேலை செய்யாதாம். இப்ப நல்லாத்தான் இருக்கா.”

காத்தாயி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இதை ஏன் மாப்ளே எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா கீரையை நிறுத்திடுவீங்க. வெறுங்கையோட மக வூட்டுக்கு வரவும் மாட்டீங்க. நீங்க வர்ற அன்னிக்குத்தான் இவ வாய்விட்டுச் சிரிக்கிறா.”

அடுத்த வெள்ளிக்கிழமையும் கீரைக்கட்டோடு வந்து இறங்கினாள் காத்தாயி.

“மாப்ளே, எங்கே உங்க ஆடு? அதைப் பாக்கத்தான் வந்தேன்!”