பாலும் புழுவும்

மலேசியாவின் சுங்கை பினாங் ஆற்று முகத்துவாரத்தில் நண்பகல் வெயில் சேற்றைக் காய்ச்சுகிறது. கரையொதுங்கிய ஓங்கில் குட்டி, டால்பின் குட்டி, இன்னும் மூச்சு விடுகிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் உச்சந்தலையிலுள்ள துளையில் நுரையோடு வெள்ளைப் புழுக்கள் எட்டிப் பார்க்கின்றன. சற்றுத் தள்ளி, ஆழமான தண்ணீரில், அதன் தாயின் முதுகு எழுந்தெழுந்து தாழ்கிறது. "கொன்னுட்டு அறுங்களேன்," என்கிறாள் ஜன்னத். அவள் புருஷன், மீன் வியாபாரி கமாலுதீன், காதில் வாங்காமல் குட்டியின் வயிற்றில் கத்தியை இறக்குகிறான். வால் சேற்றை அறைந்து அறைந்து ஓய்கிறது. இரைப்பையில் வெறும் பால். நுரையீரல் பூராவும் புழு, இடியாப்பம் பிழிந்து வைத்தாற்போல. "பால்குடி மறக்கலே, மீனே தின்னலே. புழு எங்கேருந்து லா வந்துச்சு?" என்று கேட்கிறார் பக்கத்தில் நிற்கும் படகுக்காரர் மீரான். கமாலுதீன் புழுக்களைக் கத்தி முனையில் அள்ளி, ஜன்னத்தின் முகத்துக்கு நேரே நீட்டுகிறான். "ஆத்தா வயித்திலேருந்துதான், அண்ணே. இவ பெத்த மூணும் இப்படித்தானே இருமி இருமிப் போச்சு." வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டத்தில் யாரோ சிரிக்கிறார்கள். முந்தானைக்கு அடியில் ஜன்னத்தின் கை மேடிட்ட வயிற்றைப் பொத்திக்கொள்கிறது. தாய் ஓங்கில் மூச்சை ஊதும் சத்தம் கேட்டு எல்லோரும் கடலைப் பார்க்கிறார்கள். ஜன்னத் மட்டும் தலை தூக்கவில்லை.