இருநூறு பஸ்

“அக்கா, தூங்கிட்டியா? அப்பா பிரஸ்ஸுக்குப் பூட்டு போட வெச்சிடுவேன் போலிருக்கு.”

பத்திரிகை ஆபீசிலிருந்து களைத்து வந்து படுத்திருந்த அக்கா கண்ணைத் திறக்கவில்லை. “இன்னைக்கு என்னடி கூத்து?”

“மூணு கட்சியோட தேர்தல் அறிக்கையும் நம்ம பிரஸ்லதானே அடிச்சோம்? டைப் பண்ணினது நான். ரெண்டு கட்சி கொடுத்த பஸ், ரயில் பக்கத்தை எங்கேயோ தொலைச்சிட்டேன். சொன்னா அப்பா தோலை உரிச்சிடுவார்னு பயந்து…”

“பயந்து?”

“முதல் கட்சியோட பக்கத்தையே மத்த ரெண்டுலயும் போட்டுட்டேன். எல்லாருக்கும் அதே இருநூறு பஸ், அதே மேம்பாலம். ஒரு எழுத்துகூட மாறலை.”

அக்கா தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தாள். “கட்சிக்காரங்க யாரும் படிச்சுப் பாக்கலையா?”

“தலைவர் படம் பெருசா இருக்கான்னு மட்டும் பார்த்தாங்க. புத்தகம் ஊரெல்லாம் போயிடுச்சு. யாராவது மூணையும் பக்கத்துல வெச்சுப் படிச்சா அப்பா கதி அதோகதிதான்!”

“அசடு, அதையெல்லாம் எவன்டி உக்காந்து ஒப்பிட்டு…”

சிரிப்பு சட்டென்று நின்றது. அக்கா எழுந்து விளக்கைப் போட்டாள். முகம் வெளுத்திருந்தது.

“என்னக்கா?”

“மூணு கட்சியோட போக்குவரத்து வாக்குறுதியையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதிக் கொடுத்திருக்கேன்டி. காலையில வருது.”

“ஐயோ! என்னன்னு எழுதினே?”

அக்கா படுக்கையில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“முதல் கட்சியோடது ஏமாத்து வேலை, மூணாவதோடது பகல் கனவு, ரெண்டாவதோடதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்னு!”