விட்டுப்போன பூஜ்யம்

‘0.3 கிராம்’ என்று எழுதியிருந்தது. ஹில்ட்யேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

0.30 என்று எழுத என்ன கேடு? கேள்வியில் எல்லா அளவும் இரண்டு இலக்கம். விடையும் இரண்டு இலக்கத்தில்தான் வரவேண்டும். கடைசிப் பூஜ்யத்தை முழுங்கினால் ஒரு மதிப்பெண் காலி. விதி அப்படி.

முட்டை ஓட்டை அமிலத்தில் கரைத்து, எத்தனை மோல் அமிலம் செலவானது என்று பார்த்து, ஓட்டில் எத்தனை கிராம் சுண்ணாம்பு என்று கண்டுபிடிக்கும் கணக்கு. பதினேழாம் எண் பிள்ளை எல்லாப் படியையும் ஒழுங்காகப் போட்டுவிட்டுக் கடைசியில் கோட்டை விட்டிருந்தது.

பக்கத்தில் அதன் வாத்தியார் சிவப்பு மையில் முழு மதிப்பெண் போட்டு வைத்திருந்தார். அவரும் ஒரு வாத்தியார்!

அவர் பெயர் மார்னிக்ஸ். நெதர்லாந்தின் தென்மேற்கு மூலையில், ஸேலாந்தில் பள்ளிக்கூடம். இறுதித் தேர்வுத் தாளை முதலில் சொந்த வாத்தியார் திருத்துவார். பிறகு வேறு ஊர் வாத்தியார் ஒருவர் திருத்துவார். அப்புறம் இரண்டு பேரும் தொலைபேசியில் பேசி ஒத்துப்போக வேண்டும். இந்த முறை அந்த வேறு ஊர் வாத்தியார், வடக்கே ஸ்னேக்கில் இருக்கும் ஹில்ட்யே.

வருடா வருடம் இது மீன்கடைப் பேரம்தான். ஆளாளுக்குத் தன் பிள்ளைகளுக்காகக் கெஞ்சுவார்கள். கெஞ்சுகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கத் துப்பில்லை, மார்க் கேட்க மட்டும் வாய் நீளும்.

அன்று போன் வந்தது. மார்னிக்ஸ் கெஞ்சவில்லை.

“பதினேழுதானே மேடம்? குறைச்சுக்குங்க, தாராளமா குறைச்சுக்குங்க.”

“இந்த ஒரு மார்க் போனா அந்தப் பிள்ளை பாஸ் ஆகுமா?”

“ஆகமாட்டா. இன்னொரு வருஷம் உக்காரட்டும், குடியா முழுகிடும்? பாஸான வீட்டு வாசல்ல கொடி கட்டி ஸ்கூல் பையைத் தொங்க விடுவாங்க. அவ வீட்டுல இந்த வருஷம் தொங்காது, அவ்வளவுதானே. அதுக்குப் பதிலா, நாலாம் நம்பர் பையனுக்கு நீங்க வெட்டின ஒரு மார்க்கைத் திருப்பிப் போட்டுடுங்க. அவனுக்கு முழுசா பத்துக்குப் பத்து வந்துடும்! எங்க ஊர் பேப்பர்ல படம் வரும் மேடம். பக்கத்துல நானும் நிப்பேன்.”

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார்.

நாலாம் எண் தாளை ஹில்ட்யே புரட்டினாள். கிராம் என்று எழுத வேண்டிய இடத்தில் மில்லிகிராம் என்று எழுதி வைத்திருந்தான் மேதாவி. அதற்கும் சிவப்பு மையில் முழு மதிப்பெண்.

கெஞ்சுகிறவர்களே தேவலை என்று தோன்றியது அவளுக்கு. அவர்களுக்காவது பிள்ளைகள் மேல் ஒரு பாசம் இருக்கிறது. இந்த ஆள் ஒருத்தியை விற்று, தனக்கு ஒரு போட்டோ வாங்கப் பார்க்கிறான். தூ.

“ஒரு நிமிஷம் சார்.”

பதினேழாம் எண் தாளை மறுபடி எடுத்தாள். ‘0.3’. அதற்குப் பிறகு வெள்ளைத்தாள்தான், ஒரு புள்ளிகூடக் கிடையாது.

வேலைக்கு வந்ததிலிருந்து யாருக்கும் ஒரு பூஜ்யத்தை அவள் விட்டுக் கொடுத்ததில்லை. சொந்தத் தங்கை மகள் தாளிலேயே வெட்டியிருக்கிறாள். அதற்காகத் தங்கை முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததும் உண்டு.

“அடடே! பூஜ்யம் இருக்கு சார். நான்தான் சரியாப் பார்க்கல. பதினேழுக்கு முழு மார்க், பாஸ். நாலுல மாத்தம் ஒண்ணும் இல்ல.”

“பூஜ்யமா? எங்க இருக்கு? நான் பார்த்தப்ப இல்லையே மேடம், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு!”

“இல்லையா?” என்றாள் ஹில்ட்யே. “அப்புறம் எதைப் பார்த்து சார் முழு மார்க் போட்டீங்க?”