அக்கா கை பிரீக்

நோன்பு திறக்கப் போட்டிருந்த மேஜையைப் பார்த்ததும் நாஜியாவின் முகம் சுண்டிப்போனது.

பார்லி சூப். சுட்ட மீன். சாலட். அவ்வளவுதான். ரமலானில் துனிஸ் ஊரே எண்ணெய்ச் சட்டியில் மிதக்கும்போது இப்படியும் ஒரு வீடு!

"ஏன்டி வஸீலா, இது என் தம்பி வீடா, ஆஸ்பத்திரியா?"

"தினம் இதேதான் அண்ணி. ஏழு வகை வச்சா ஏழுலயும் கை போகும். ஒரே வகைன்னா வயிறு நிறைஞ்சதும் அவரே எழுந்துடறார்."

"தினமும் மீனா? அலுத்துப் போகாது?"

"அலுக்கணும்னுதான் அண்ணி."

தம்பி மொன்ஜியின் சட்டை தொளதொளவென்று தொங்கியது. நாளைக் காலை டாக்டர் எடை பார்ப்பார். குறைந்திருந்தால்தான் ஆபரேஷன். நாஜியாவுக்கு அது தெரியாது.

"நல்லவேளை, நான் சமைச்சு எடுத்துட்டு வந்தேன். வாரம் பூரா யுஸ்ராவோட ஆஸ்பத்திரிக்கு அலையறேன். எனக்கே முடியுது, உனக்கு முடியலையா?"

ஆட்டுக்கறி, முட்டை வைத்துப் பொரித்த பிரீக், தேன் சொட்டும் ஜிலேபி என்று ஒவ்வொன்றாகத் திறந்தாள். பக்கத்தில் அவள் மகள் யுஸ்ரா வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

மொன்ஜி எச்சில் விழுங்கினான்.

பாங்கு கேட்டது. பேரீச்சம்பழமும் தண்ணீரும் உள்ளே போன கையோடு, நாஜியா ஒரு பிரீக்கை எடுத்துத் தம்பி வாயருகே நீட்டினாள்.

"அக்கா கையால ஒரு வாய்டா."

நோன்பு திறக்கும் நேரத்தில் கூடப்பிறந்தவள் ஊட்டினால் யார் மறுப்பார்கள்? மொன்ஜியின் வாய் தானாகத் திறந்தது.

வஸீலா பாய்ந்து அதைப் பிடுங்கித் தன் வாயில் திணித்துக்கொண்டாள். முட்டை மோவாயில் வழிந்தது.

நாஜியா எழுந்துவிட்டாள். "பார்த்தியாடா! உன்னைப் பட்டினி போட்டுட்டு தான் மட்டும் முழுங்கறா! யுஸ்ரா, எழுந்திரு. இந்தக் கஞ்சப்பிசினாறி வீட்டுல இனி தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்."

கதவு அறைந்து சாத்தப்பட்டது.

வஸீலா அழுதாள். "நாளைக்கு எடை குறையலைன்னா என்னங்க பண்றது?"

"குறைஞ்சிருக்கும். ஆனா அக்காகிட்ட இப்பவே சொல்லியிருக்கலாமே? இவ்வளவு பேச்சுக் கேட்டிருக்க வேண்டாமே?"

"என்னைத் திட்டிட்டுப் போகட்டும், பரவாயில்லை. ஆசை காட்டிட்டு நாளைக்கு டாக்டர் முடியாதுன்னுட்டா? 'யுஸ்ராவுக்கு உங்க தம்பியோட கிட்னி சேருது அண்ணி, தொப்பைதான் கெடுத்துடுச்சு'ன்னு அவங்ககிட்ட யார் போய்ச் சொல்றது?"